தவளை சாப்பிடவில்லை என்றால் முதலில் தோலைப் பாருங்கள்

புளியரையிலிருந்து ஒரு அண்ணாச்சி கேட்டிருக்கிறார். மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். பத்து மாதம் முன்பு திருவனந்தபுரம் போனபோது அவள் ஆசைப்பட்டாள் என்று பேக்மேன் என்ற வெளிநாட்டுத் தவளை ஒன்றை வாங்கிக் கொடுத்தாராம். எட்டு நாளாக அது எதையும் தொடவில்லை. தென்னை நார்த்தூளுக்குள் பாதி புதைந்தே கிடக்கிறது. தோல் மங்கிவிட்டது, அடிவயிறு லேசாகச் சிவந்திருக்கிறது. முந்தாநாள் ராத்திரி வாயைத் திறந்து திறந்து மூடியிருக்கிறது. ஒரு மருத்துவமனையில் விசாரித்தால், ஆடு மாடு கோழி என்றால் பார்ப்போம், தவக்களைக்கு என்ன செய்ய என்று சொல்லிவிட்டார்கள். வீட்டில் பாட்டி மஞ்சள் தடவச் சொல்கிறார், பக்கத்து வீட்டில் குண்டாற்றில் விட்டுவிடச் சொல்கிறார்கள். பிள்ளையும் சரியாகச் சாப்பிடாமல் அழுகிறாள், என்ன செய்வது என்பது கேள்வி.

அண்ணாச்சி, மஞ்சளும் வேண்டாம், ஆறும் வேண்டாம். இன்று ராத்திரியே ஒரு காரியம் செய்யுங்கள். மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து, மூடியில் நாலைந்து துளை போட்டு, வெறும் தண்ணீரால் மட்டும் நன்றாகக் கழுவுங்கள். அடியில் வாசனையும் சாயமும் இல்லாத வெள்ளை டிஷ்யூ பேப்பரை இரண்டு மடிப்பாக நனைத்து விரியுங்கள். தவளையை அந்த டப்பாவுக்கு மாற்றிவிடுங்கள். பேப்பரைத் தினமும் மாற்ற வேண்டும், அழுக்கானால் உடனே மாற்ற வேண்டும். காலையில் ஒரு தடவை, அகலமான கிண்ணத்தில் அதன் தாடை மட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றி கால் மணி நேரம் உட்கார வையுங்கள். மூக்குத்துளை தண்ணீருக்கு மேலே இருக்க வேண்டும், ஏனென்றால் இந்த வகைக்கு நீந்த வராது. ஆழத்தில் விட்டால் மூழ்கிவிடும். அந்தக் கால் மணி நேரமும் பக்கத்திலேயே இருங்கள். வெந்நீர் கலக்காதீர்கள். விரலை வைத்தால் லேசான குளிர்ச்சி தெரிகிற தண்ணீர் போதும்.

இதை மருந்து என்று நினைத்துச் சொல்லவில்லை. ஆனாலும் பாதித் தவளைகள் இதிலேயே தேறிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். செங்கோட்டையில் பதினான்கு வருடமாகத் தவளை வளர்க்கிறேன். அதற்கு முன்பு கல்லூரி விலங்கியல் ஆய்வகத்தில் வேலை பார்த்தேன். இத்தனை வருடத்தில் நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான். நாய்க்கும் பூனைக்கும் உடம்பு சரியில்லை என்றால் சோறு இறங்குகிறதா என்று பார்ப்போம். தவளைக்குத் தோலையும், அந்தத் தோல் எதைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. அடிவயிற்றிலும் பின்னந்தொடையின் உட்பக்கத்திலும் இருக்கும் மெல்லிய தோல் வழியாகத்தான் உறிஞ்சிக்கொள்கிறது. மூச்சிலும் ஒரு பங்கு தோல் வழியாகவே நடக்கிறது. உடம்பில் உப்புச்சத்து கூடாமல் குறையாமல் பார்த்துக்கொள்வதும் தோல்தான். அப்படியென்றால் அது உட்கார்ந்திருக்கும் மண்ணில் என்ன இருக்கிறதோ அது நேராக ரத்தத்துக்குப் போகிறது என்று அர்த்தம். பேக்மேன் தவளை நாள் முழுக்க ஒரே இடத்தில் புதைந்து கிடக்கும், சிறுநீரும் அங்கேயே கழிக்கும். நார்த்தூளை மூன்று நான்கு வாரம் மாற்றாமல் விட்டால் அதில் அம்மோனியா சேர்ந்துவிடும். தவளை அதையே திரும்ப உறிஞ்சிக்கொண்டிருக்கும். அடிவயிறு சிவக்கும், தோல் மங்கும், சாப்பாட்டைத் தொடாது. நீங்கள் சொன்ன மூன்று குறியும் இதற்குப் பொருந்துகிறது. கடைசியாக எப்போது நார்த்தூளை மாற்றினீர்கள் என்று மகளிடம் கேட்டுப் பாருங்கள். கோபமாகக் கேட்காதீர்கள், அவளுக்கு யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள்.

நார்த்தூளைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். நம் பக்கம் அது எங்கும் கிடைக்கும் என்பதால் யாரும் யோசிப்பதில்லை. கேரளக் கடற்கரைப் பக்கம் தேங்காய் மட்டையைக் காயலின் உப்புத்தண்ணீரில் ஊறப் போட்டு நார் எடுப்பதுண்டு. அந்தத் தூளில் உப்பு நிறைய இருக்கும். செடிக்கு விற்கும் கட்டியில் சில நேரம் உரமும் கலந்திருக்கும். புதிதாக வாங்கினால் வாளியில் ஊறவைத்து, பிழிந்து, தண்ணீர் தெளிகிற வரைக்கும் நாலைந்து தடவை அலசிய பிறகுதான் தொட்டிக்குள் போட வேண்டும். உரம் சேர்த்தது என்று தெரிந்தால் அதைத் தோட்டத்துக்கே கொடுத்துவிடுங்கள்.

தண்ணீர் எங்கிருந்து எடுக்கிறீர்கள்? குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் இருக்கும். அகலமான பாத்திரத்தில் ஊற்றி ஒரு நாள் திறந்து வைத்தால் பெரும்பாலும் போய்விடும். மீன் கடையில் விற்கும் குளோரின் நீக்கும் சொட்டு மருந்து இன்னும் நல்லது. ஆனால் செப்புக் குடத்தில் பிடித்து வைத்த தண்ணீரை மட்டும் தவளைக்குக் கொடுத்துவிடாதீர்கள். நமக்கு ஒன்றும் செய்யாத அளவு செம்பு மீனுக்கும் தவளைக்கும் விஷம். ஆர்.ஓ. தண்ணீரை மட்டுமே தொடர்ந்து ஊற்றுவதும் சரியில்லை. அதில் தாதுக்களே இருக்காது என்பதால் தவளையின் உடம்பு உப்பு வெளியே போகத் தொடங்கும். நல்ல கிணற்றுத் தண்ணீர் இருந்தால் அதுவே போதும்.

அப்புறம் கொசு. சில வருடம் முன்பு சாரல் சீசனில் என்னிடம் இதே வகைத் தவளை ஒன்று இருந்தது, நான்கு வருடம் வளர்த்தது. கொசு தாங்கவில்லை என்று தொட்டி இருந்த அறையில் கொசு விரட்டும் திரவ மெஷினை ராத்திரி முழுக்கப் போட்டு வைத்தேன். ஜன்னலையும் சாரலுக்காகச் சாத்திவிட்டேன். மூன்றாம் நாள் காலையில் அதன் பின்னங்கால் வெட்டி வெட்டி இழுத்தது, மதியத்துக்குள் போய்விட்டது. அந்தத் திரவத்தில் இருப்பது பூச்சியின் நரம்பைத் தாக்கும் மருந்து. ஈரத் தோல் அதைப் பிடித்துக்கொள்ளும். விலங்கியல் ஆய்வகத்தில் வருடக்கணக்காக வேலை பார்த்தவனுக்கு இது தோன்றாமல் போனதே என்று இன்றைக்கும் மனது ஆறவில்லை. கொசுவத்திச் சுருள், ஸ்பிரே, மெஷின் எதுவுமே அந்த அறையில் வேண்டாம். தொட்டியைப் பினாயில் போட்டுக் கழுவுவதும் வேண்டாம். கழுவிய பின் நம் மூக்குக்கு வாடை தெரியாவிட்டாலும் அதன் வயிற்றுத் தோலுக்குத் தெரியும். தவளையைத் தூக்குவதற்கு முன்னால் கையைச் சோப்பு போடாமல் வெறும் தண்ணீரில் கழுவி, ஈரக்கையோடு தூக்குங்கள்.

இரைக்கு என்ன கொடுக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. வயலில் பிடித்த வெட்டுக்கிளி என்றால் இன்றோடு நிறுத்திவிடுங்கள். நெல்லுக்கு மருந்தடித்து ஒரு வாரம் கழித்துப் பிடித்தாலும் நம்ப முடியாது. ரப்பர் தோட்டத்துப் பக்கம், ஏலக்காய்த் தோட்டத்துப் பக்கம் பிடித்ததும் அப்படித்தான். மருந்து படாத வீட்டுத் தோட்டத்து மண்புழு நல்ல உணவு. கடையில் விற்கும் சிள்வண்டும் டூபியா கரப்பானும் கொடுக்கலாம்.

இனி அது ஏன் சாப்பிடவில்லை என்பதற்கு வருகிறேன். இதில் நீங்கள் கொஞ்சம் ஆறுதலாக இருக்கலாம். கடைகளில் பேக்மேன் என்று அதிகம் விற்பது கிரான்வெல் கொம்புத் தவளை. அதன் சொந்த நிலம் அர்ஜென்டினா, பராகுவே, பொலிவியா நாடுகளில் விரிந்து கிடக்கும் கிரான் சாக்கோ. மழைக்காலம் தவிர மற்ற மாதங்களில் அங்கே நிலம் காய்ந்து கிடக்கும். அப்போது இந்தத் தவளை மண்ணுக்குள் இறங்கி, உரிந்த தோலையே அடுக்கடுக்காக உறைபோலப் போர்த்திக்கொண்டு, மாதக்கணக்கில் சாப்பிடாமல் கிடக்கும். நம் ஊரில் ஆரியங்காவுக் கணவாய் வழியாகச் சாரல் காற்று இறங்குகிற நாட்களில் ராத்திரி எவ்வளவு குளிருகிறது என்று உங்களுக்கே தெரியும். அதற்கு 24-லிருந்து 28 டிகிரி வரை வேண்டும். குறைந்தால் செரிமானம் மெதுவாகும், பசி எடுக்காது, புதைந்து கிடக்கும். தொட்டி ஜன்னலோரம் இருந்தால் உள்பக்கச் சுவர் ஓரமாக நகர்த்துங்கள். ஐம்பது நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற ஒரு தெர்மாமீட்டரை உள்ளே வைத்து விடிகாலையில் பாருங்கள். சூடாக்கும் மேட் வாங்கினால் தொட்டிக்கு அடியில் வைக்காமல் பக்கவாட்டில் ஒட்டுங்கள். இந்தத் தவளைக்குச் சூடு பட்டால் கீழே தோண்டித்தான் தப்பிக்கத் தெரியும். அடியிலேயே சூடு இருந்தால் தப்பிக்கப் போய் வெந்துவிடும்.

வளர்ந்த தவளை இரண்டு வாரம், மூன்று வாரம் சாப்பிடாமல் இருந்தாலும் எடை குறையாமல் இருந்தால் நான் பதறமாட்டேன். அதனால் இன்றே எடை போட்டு எழுதி வையுங்கள். சமையலறையில் கிராம் காட்டும் தராசு போதும். இரண்டு நாளுக்கு ஒருமுறை போடுங்கள். 150 கிராம் இருந்தது 135-க்கு இறங்கினால் அதற்கு மேல் காத்திருக்கக் கூடாது. வாயைப் பிளந்து இரையைத் திணிக்க யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பலவீனமான தவளைக்கு அதைவிடப் பெரிய தொல்லை இல்லை. தாடை எலும்பும் உடையலாம்.

வாயைத் திறந்து மூடியது பற்றி. முதல் தடவை பார்க்கிற எல்லோருக்கும் இது தூக்கிவாரிப் போடும். தவளை சில நாளுக்கு ஒருமுறை தோலுரிக்கும். முதுகைக் கூனி, உடம்பை உப்பவைத்து, கால்களால் முகத்தைத் துடைப்பதுபோல இழுத்து, உரிந்த தோலை வாய்க்குள் தள்ளித் தின்றுவிடும். அப்போது கொட்டாவி விடுவதுபோல வாய் திறந்து திறந்து மூடும். தோலுரிப்பதற்கு முன்னால் நிறமும் மங்கலாக இருக்கும். ஐந்து பத்து நிமிடத்தில் முடிந்து, பிறகு தோல் பளபளவென்று இருந்தால் அது தோலுரிப்புதான், கவலை வேண்டாம். தலையை மேலே தூக்கிக்கொண்டு மணிக்கணக்கில் வாய் திறந்தபடி இருந்தாலோ, உரிந்த தோல் துண்டு துண்டாக உடம்பில் ஒட்டிக்கொண்டிருந்தாலோ, தினமும் உரித்துக்கொண்டே இருந்தாலோ விஷயம் வேறு.

உங்கள் கேள்வியில் என்னைக் கவலைப்பட வைத்தது அடிவயிற்றுச் சிவப்பு ஒன்றுதான். அம்மோனியாவால் வந்த எரிச்சல் என்றால் சுத்தமான ஈரப் பேப்பரில் வைத்த ஒன்றிரண்டு நாளில் வெளிறத் தொடங்கும். சிவந்த கால் நோய் என்று ஒன்று இருக்கிறது. தண்ணீரில் சாதாரணமாகவே இருக்கும் ஏரோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள், தவளை சோர்ந்திருக்கும் நேரம் பார்த்து ரத்தத்தில் இறங்கிவிடுவதால் வருவது. தொடையின் உட்பக்கத்திலும், வயிற்றிலும், விரலிடைச் சவ்விலும் குண்டூசியால் குத்தியதுபோலச் சிறு சிறு சிவப்புப் புள்ளிகள் தெரியும். பிறகு அவை பரவும், புண்ணாகும், தவளை துவண்டுவிடும். இது வேகமாக முற்றும். ஆன்டிபயாடிக் இல்லாமல் பிழைப்பது அரிது. எது என்று வீட்டில் தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. கண்ணாடிக் கிண்ணத்தில் உட்கார வைத்து, பகல் வெளிச்சத்தில் கீழிருந்து போட்டோ எடுங்கள். மறுநாள் அதே நேரம் அதே வெளிச்சத்தில் இன்னொன்று எடுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பரவுகிறதா வெளிறுகிறதா என்று தெரிந்துவிடும். தினமும் நேரில் பார்க்கிற கண்ணுக்கு மாற்றம் தெரியாது.

இன்னொரு சோதனையும் உண்டு. ஈரக்கையில் தவளையை மெதுவாக மல்லாத்திப் பாருங்கள். உடம்பு நன்றாக இருந்தால் உடனே துள்ளிக் கவிழ்ந்துவிடும். புரள முடியாமல் மல்லாந்தே கிடந்தால் அது முற்றிய நிலை, அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். இதை ஒரு தடவை செய்தால் போதும், திரும்பத் திரும்பச் செய்து அதைக் களைப்பாக்க வேண்டாம்.

ஆற்றில் விடுவதைப் பற்றி அந்தப் பக்கத்து வீட்டாருக்கும் சொல்லுங்கள். அவர் இரக்கப்பட்டுத்தான் சொல்லியிருப்பார். கைட்ரிட் என்று ஒரு பூஞ்சை இருக்கிறது. 1999-ல்தான் அதற்கு அறிவியல் பெயரே வைத்தார்கள். அது தவளையின் தோலைத் தாக்கும். தோல் வழியாக உப்புச்சத்து நடமாட முடியாமல் போய், கடைசியில் இதயம் நின்றுவிடும். 2019-ல் வெளிவந்த ஒரு கணக்குப்படி உலகம் முழுக்க 500 இனங்களுக்கு மேல் இந்தப் பூஞ்சையால் குறைந்திருக்கின்றன, அவற்றில் 90 இனங்கள் அற்றே போய்விட்டதாகக் கருதுகிறார்கள். அதற்கு வெயில் ஆகாது, 17-லிருந்து 25 டிகிரி வரையான குளிர்ச்சியில்தான் நன்றாக வளரும். நம் மலையோடைகளின் குளிர்ச்சி அதற்குத் தோதானது. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏற்கெனவே இது பதிவாகியிருக்கிறது. வெளிநாட்டுத் தவளை ஒன்று வேறொரு வகையை உள்ளே கொண்டுவந்தால் என்ன ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இந்த மலையில் என்ன வாழ்கிறது என்று மகளுக்குச் சொன்னால் அவளே ஆற்றில் விடச் சம்மதிக்கமாட்டாள். 2003-ல் இடுக்கிப் பக்கத்திலிருந்து ஊதாத் தவளையை உலகுக்கு அறிவித்தார்கள். மலையாளத்தில் பாதாளத் தவள என்பார்கள். வருடம் முழுக்க மண்ணுக்கு அடியிலேயே வாழ்ந்து, மழை தொடங்கும்போது சில நாள் மட்டும் இனப்பெருக்கத்துக்கு வெளியே வரும். 2017-ல் அதன் உறவான இன்னொரு இனத்தைத் தமிழ்நாட்டுச் சரிவில், ஸ்ரீவில்லிபுத்தூர் மலையில் அடையாளம் கண்டு, மறைந்த ஆய்வாளர் பூபதியின் பெயரை வைத்தார்கள். புளியரையிலிருந்து பார்த்தால் அது அடுத்த வீடு மாதிரிதான். தொட்டித் தண்ணீரையும் பழைய நார்த்தூளையும்கூட ஓடையில் கொட்டாதீர்கள். நார்த்தூளை வெயிலில் நன்றாகக் காயப்போட்டுவிட்டுக் குப்பையில் போடுங்கள். மழைக்கு வெளியே வரும் நம் ஊர்த் தவளையைப் பிடித்து இதோடு துணைக்கு விடுவதும் கூடாது. நோய் இரண்டு பக்கமும் தாவும்.

மஞ்சள் நல்லதுதான், நம் தோலுக்கு. அரைத்துப் பூசினால் தவளையின் மூச்சும் தண்ணீரும் போகும் வழியை அடைக்கிற மாதிரி ஆகிவிடும். வேப்பெண்ணெய், கல்லுப்பு, வீட்டில் இருக்கும் ஆயின்மென்ட் எதுவும் வேண்டாம். பாட்டியிடம், அது தோலால் மூச்சு விடுகிற பிராணி என்று சொல்லுங்கள், புரிந்துகொள்வார்.

இன்னும் இரண்டு விஷயம். டிஷ்யூவில் வைத்த பிறகு கழிவு போகிறதா என்று பாருங்கள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்களே, இந்த வகை அசைவதை எல்லாம் கவ்வும். இரையோடு நார்க்கொத்தையோ கூழாங்கல்லையோ விழுங்கிக் குடல் அடைத்தாலும் சாப்பிடாது. வயிறு ஒரு பக்கம் கட்டியாக இருந்து, நாலைந்து நாளாகக் கழிவே இல்லை என்றால் அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இரைமேல் கால்சியம் தூளும் வைட்டமின் டி3-யும் தூவாமலே பத்து மாதம் வளர்த்திருந்தால் கீழ்த்தாடை தொளதொளவென்று இருக்கிறதா, வளைந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

மருத்துவருக்கு, திருநெல்வேலி ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. போவதற்கு முன் போனில் பேசி, தவளை என்று சொல்லி, யார் பார்ப்பார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். தவளையைப் பார்த்துப் பழகாத மருத்துவர் என்றாலும் திரும்பி வந்துவிடாதீர்கள். கிராமில் எடை, இரண்டு நாள் போட்டோ, தொட்டியின் வெப்பம், கொடுத்த இரை, இவை எழுதிய தாள் கையில் இருந்தால் அவரால் அளவு கணக்கிட்டு மருந்து தர முடியும், தெரிந்தவர்களிடம் கேட்கவும் முடியும். அதே டப்பாவில் ஈரப் பேப்பரோடு கொண்டுபோங்கள். பஸ் ஜன்னல் காற்றும் வெயிலும் படாமல் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். ஐஸ் வைக்காதீர்கள்.

தவளையைத் தொட்ட பிறகு மகள் கையைச் சோப்பு போட்டு நன்றாகக் கழுவ வேண்டும், அந்தக் கிண்ணத்தைச் சமையலறைப் பக்கம் கொண்டுவரக் கூடாது. அமெரிக்காவில் 2008-லிருந்து 2011 வரை வீட்டில் வளர்த்த ஆப்பிரிக்கக் குள்ளத் தவளைகளால் சால்மோனெல்லா பரவி 200 பேருக்கு மேல் நோய் வந்தது, பெரும்பாலும் சிறு பிள்ளைகள். பயப்படுத்தச் சொல்லவில்லை, கை கழுவினால் போதும். எடை போடச் சொன்னேனே, அந்தச் சமையலறைத் தராசின் மேலும் ஒரு தனித் தட்டு வைத்தே போடுங்கள்.

இன்று ராத்திரி டப்பாவுக்கு மாற்றியதும் எடையையும் வயிற்றுப் போட்டோவையும் எனக்கு அனுப்புங்கள். நாளை மாலை இன்னொரு போட்டோ அனுப்புங்கள். சிவப்பு வெளிறியிருந்தால் பத்து நாள் இப்படியே வைத்து, சூடு சரியான பிறகு ஒரு மண்புழுவைக் காட்டிப் பார்க்கலாம். தொடை இடுக்கில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் எனக்கு எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். செங்கோட்டையிலிருந்து திருநெல்வேலிக்குக் காலையில் கிளம்பும் முதல் வண்டியைப் பிடித்துவிடுங்கள். மகளையும் கூட்டிப்போங்கள், அது என்ன செய்தது, எப்போது செய்தது என்று அவளுக்குத்தான் சரியாகச் சொல்லத் தெரியும்.